ஒட்சிசன் ஹாஜியாரும் ஒரு கிளினிக் அட்டையும்

அபுல் ஹஸன் ஹாஜியார் ஒட்சிசனைக் கண்டுபிடித்தவர் இல்லை. ஆனால் கல்முனைக்குடித் தெருக்களில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிற போக்கைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள் என்பது ஸகியா டீச்சரின் கருத்து. கொரோனாக் காலத்தில் வெளிநாட்டில் இருக்கும் சில நல்ல மனிதர்கள் சேர்ந்து ஊருக்கு மூன்று ஒட்சிசன் மெசின்களை அனுப்பினார்கள். அறைக் காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மெசின்கள். பொறுப்பெடுக்க ஒரு குழு வேண்டும் என்றார்கள். குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும் என்றார்கள். ஹாட்வெயார் கடைக்காரரான ஹாஜியாரிடம் வான் இருந்தது, ஆகவே அவர் தலைவரானார். பிறகு கொரோனா போனது, குழு கலைந்தது, இரண்டு மெசின்கள் பழுதாகின. ஒரு மெசினும் ஒரு தலைவரும் மிஞ்சினார்கள்.

அந்த மெசின் கடையில் சீமெந்து மூட்டைகளுக்கும் பெயின்ற் வாளிகளுக்கும் நடுவே நிற்கும். யாருக்காவது மூச்சு வாங்கினால் ஹாஜியார் அதை வானில் ஏற்றிவிடுவார். மூச்சுத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. தலை சுற்றினாலும் ஒட்சிசன், சாப்பாடு செரிக்காவிட்டாலும் ஒட்சிசன், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஞாபகசக்தி குறைந்தாலும் ஒட்சிசன். மெசினின் நெற்றியில் 'அன்பளிப்பு' என்ற சொல்லுக்குக் கீழே பெரிய எழுத்தில் தன்னுடைய பெயரை ஒட்டுவித்திருந்தார். அன்பளித்தவர்களின் பெயர் பின்பக்கம், வயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

இதையெல்லாம் ஸகியா சகித்துக்கொண்டிருப்பாள். ஊரில் ஒரு மடையன் கூடினால் என்ன குறைந்தால் என்ன. ஆனால் இந்த மடையர் அவளுடைய தம்பி இம்தாதின் மனைவிக்குக் கூடப் பிறந்த காக்காவாய், மூத்த அண்ணனாய் இருந்தார். அதுவும் போகட்டும் என்றால், அவர் மேதாவியாக வேசம் போட எடுத்துக்கொண்ட விடயம் ஒட்சிசன். உலகத்தில் ஒரே ஒரு விடயம் ஸகியாவுக்கு இந்த ஊரில் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும் என்றால் அது அதுதான்.

சாய்ந்தமருதில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிற டீச்சர் என்றுதான் ஊர் அவளை அறியும். அதற்கு முன்னர் நாலரை வருடம் மலேசியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தக்குழாய்க் கலங்களை வளர்த்தவள் என்பதை அறியாது. பிரசவ அறையில் வீசிவிடுகிற தொப்புள்கொடியிலிருந்து அந்தக் கலங்களை எடுப்பார்கள். தட்டுக்குள் வைத்துச் சீனியும் உப்பும் கொடுத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி, பாய் விரித்ததுபோலப் படரும். அந்தத் தட்டை ஒட்சிசன் குறைந்த பெட்டிக்குள் வைத்துவிட்டு, அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஆய்வேடு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தாள். "என்னகா படிச்ச?" என்று கேட்டவர்களுக்கு முதல் இரண்டு தடவை ஒழுங்காகச் சொன்னாள். மூன்றாம் தடவை, "நரம்புப் படிப்பாம்" என்று தெருமுனையில் யாரோ யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. அதோடு சொல்வதை விட்டுவிட்டாள். விளங்காதவர்களுக்கு விளக்குகிற வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று மனதுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்குவதைத் தொழிலாக வைத்திருக்கிற ஒருத்தி இப்படி நினைத்ததை ஊர் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

இம்தாதின் மகள் ஹிபா முப்பதாவது கிழமையிலேயே பிறந்துவிட்டாள். ஒன்றே கால் கிலோ. முதல் கிழமை முழுவதும் கூடுதலான ஒட்சிசனில்தான் உயிர் தப்பினாள். பிறகு ஆஸ்பத்திரியின் பேபி யூனிட் தாதிமார் அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க ஹாஜியாருக்கு மூச்சு முட்டியது. யூனிட் வாசலில் நின்று, "ஒட்சிசன் என்ன இவங்கட வாப்பா வீட்டுச் சொத்தா? பச்சப் புள்ளைக்குக் குடுக்கக் கையில என்ன வருத்தம்?" என்று கத்தினாராம். கத்திவிட்டு, தன்னிடம் ஒரு மெசின் இருப்பதை அங்கிருந்த எல்லோருக்கும் அறிவித்தாராம். இதை இம்தாத் பெருமையாகச் சொன்னான். தண்ணி மீற்றர் வாசிக்கிற அவனுக்கு மீற்றருக்கு மேலே உலகம் இல்லை என்று ஸகியா நினைத்துக்கொண்டாள். அவன் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போனவன். நம்முடைய ஊர்களில் எல்லா ஆண்களும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் போகிற எல்லோரும் மூளையைத் தாய் வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை.

முப்பத்துநாலாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். முப்பத்தாறாம் நாள் பின்னேரம் ஸகியா பார்க்கப் போனாள்.

அறைக்குள் நுழைந்ததும் அவளுக்குக் கண் எரிந்தது. ஜன்னல்கள் அத்தனையும் சாத்தி, சாம்பிராணிச் சட்டி புகைந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு முழத் தூரத்தில் ஹாஜியாரின் மெசின் உறுமிக்கொண்டிருந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் ஒட்சிசனை வைக்கக் கூடாது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். குழாயின் நுனியைப் பிள்ளையின் மூக்குக்கு நேரே தலையணையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார்கள். பிள்ளையின் தாய் ஜெனூபா கட்டிலின் ஓரத்தில், தலையில் துண்டு கட்டியபடி, முகம் வெளிறிப்போய் இருந்தாள். ஹாஜியார் கதிரையில் சாய்ந்து மெசினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை.

"வாங்க டீச்சர், வாங்க. பாருங்க புள்ளைய, ரோசாப்பூ மாதிரிக் கிடக்கு. எல்லாம் இந்த மெசின்ட பரக்கத்து."

"ஆரு இத வைக்கச் சொன்ன?"

"ஆரு சொல்லணும்? ஒட்சிசன் எண்டா ஹயாத்து டீச்சர், உசிரு. அது கூடி ஆரும் மவுத்தாப் போனதாக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எத்தன மணித்தியாலம் போடுறீங்க?"

"அதுக்கு என்ன கணக்கு? நிறம் மங்கினாப் போடுற. ஆக்கள் பார்க்க வந்தா, சத்தமா இருக்கு எண்டு நிப்பாட்டுற. கரண்ட் போனா அல்லாஹ்ட காவல்."

போடுகிறதும் நிறுத்துகிறதும். கூட்டுகிறதும் குறைக்கிறதும்.

அவள் மலேசியாவில் பார்த்தது இதைத்தான். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. கலம் அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும், செய்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கும். அழிப்பதற்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் தாராளமாய் இருக்கிற மட்டும் அந்தப் புரதம் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. ஒட்சிசன் குறைந்தால் அழிக்கிற வேலை நின்றுவிடும். புரதம் குவியும், கலத்தின் கருவுக்குள் போகும், அங்கே உறங்குகிற பல வேலைகளைத் தட்டி எழுப்பும். அவற்றில் ஒன்று, 'இங்கே இரத்தம் போதாது' என்று அக்கம்பக்கத்துக்கு ஓர் இரசாயனத்தை அனுப்புவது. இரத்தக்குழாய்க் கலங்கள் அந்தச் செய்தியை உணர்ந்து, அது வருகிற திசைக்கு வளர்ந்து போகும். பசித்தவன் கூப்பிட்டால் சோறு வருகிற மாதிரி.

தாயின் வயிற்றுக்குள் ஒட்சிசன் குறைவு. அது படைத்தவனின் ஏற்பாடு. அந்தக் குறைவினால்தான் பிள்ளையின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் மெல்ல மெல்ல ஊர்ந்து போகின்றன. பத்துக் கிழமை முந்திப் பிறந்து, உயிர் தப்புவதற்காகக் கூடுதலான ஒட்சிசனை வாங்கிய பிள்ளையின் கண்ணில் அந்தக் கூப்பாடு திடீரென்று நின்றுபோகும். குழாய்களும் பாதி வழியில் நின்றுவிடும். சில கிழமை கழித்துக் கண் வளர்ந்து, ஓரத்துக் கலங்களுக்குப் பசி எடுக்கும்போது கூப்பாடு பேய்க் கூச்சலாய் எழும்பும். அப்போது வருகிற குழாய்கள் ஒழுங்காக வருவதில்லை. தாறுமாறாய், போகக்கூடாத இடத்துக்கெல்லாம் புகுந்து, கடைசியில் விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் லேசர் போட்டுக் கூச்சலை அடக்கலாம். பிந்தினால் குருடு.

இவ்வளவும் அவளுக்குத் தெரியும். இதை அந்த அறையில் பத்து வசனத்தில் சொல்லியிருக்கலாம். ஜெனூபாவுக்கு விளங்கியிருக்கும், இம்தாதுக்கும் விளங்கியிருக்கும், ஏன், ஹாஜியாருக்கே விளங்கியிருக்கும். ஆனால் ஸகியாவுக்கு அப்போது விளக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அறையவேண்டும் என்று தோன்றியது.

"ஹாஜியார், நான் உங்கட கடைக்கு வந்து சீமெந்துக்கு எவ்வளவு மணல் சேக்கிற எண்டு சொல்லித் தாறனா?"

"வாங்க, சொல்லுங்க. நல்லா இருந்தாக் கேட்பம்," என்று ஹாஜியார் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மூன்று புரதங்களின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு நொதியத்தின் பெயரைச் சொன்னாள். ஒரு வீதத்தைச் சொன்னாள். இந்த வீட்டில் யாருக்காவது இது விளங்குகிறதா என்று கேட்டாள், விளங்காது என்று தானே பதிலும் சொன்னாள். "தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால் எண்டு நிக்கிற மடையனுக்குச் சொல்லி எனக்கென்ன லாபம்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசம்" என்றாள். ஊர்ப் பெரிய மனிதனை, அவருடைய தங்கச்சி வீட்டில், தங்கச்சி முன்னிலையில், மடையன் என்று சொன்னாள். இவ்வளவு சொன்னவள் ஒரே ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. கண் என்று அவள் சொல்லவே இல்லை.

ஹாஜியாரின் சிரிப்பு நின்றது. இம்தாத், "ராத்தா, கொஞ்சம் மெல்லக் கதைங்க," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அவள் செருப்பைப் போட வாசலுக்கு வந்தபோது ஜெனூபா பின்னாலேயே எழும்பி வந்தாள். கையில் மஞ்சள் நிற அட்டை ஒன்று.

"மதினி, போகாதீங்க. இது நேர்ஸ் மிஸ் தந்த கிளினிக் அட்டை. இதுல என்ன போட்டிருக்கு எண்டு உள்ளுக்கு வந்து ஒருக்கா வாசிங்களேன். கொஞ்சம் சத்தமா வாசிங்க."

"உங்கட காக்காக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவரிட்டக் குடுங்க, வாசிப்பார்."

ஜெனூபா அட்டையை நீட்டியபடியே நின்றாள். ஸகியா வாங்கவில்லை. முச்சக்கர வண்டி ஒன்று வந்தது, கையைக் காட்டி ஏறிவிட்டாள்.

மறுநாள் இம்தாத் தொலைபேசியில், "காக்கா மெசின எடுத்துட்டுப் போய்ட்டார் ராத்தா. நல்லாக் கோவம்," என்றான். ஸகியாவுக்கு அன்று பகல் சோறு இரண்டு அகப்பை கூடவே இறங்கியது. வென்றுவிட்டாள். மெசின் போய்விட்டது, பிள்ளை தப்பிவிட்டது. குறைமாதப் பிள்ளைக்குக் கண் பரிசோதனை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பார்கள், திகதி கொடுத்திருப்பார்கள், போவார்கள். திகதி எழுதுவதும் அட்டையைக் காவுவதும் தாதிமாரும் தாய்மாரும் பார்த்துக்கொள்ளும் சில்லறை வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினவள் அட்டை வாசிக்கப் போவாளா?

அடுத்த கிழமை வகுப்பில் சுவாசப் பாடம் வந்தபோது, 'ஓர் ஊரில் ஓர் ஒட்சிசன் ஹாஜியார் இருந்தார்' என்று தொடங்கிக் கதை சொன்னாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும், "டீச்சர், அந்தப் புள்ளைக்குப் புறகு என்ன நடந்த?" என்று கேட்டாள். "ஒண்டும் நடக்கல்ல, டீச்சர் போய்க் காப்பாத்திட்டன்," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

பிள்ளை பிறந்து ஐம்பத்தெட்டாம் நாள் காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"ஸகியா டீச்சரா? நான் கஜேந்தினி, பேபி யூனிட் நேர்ஸ். ஹிபாட அம்மா அவசரத்துக்கு எண்டு உங்கட நம்பரத்தான் எழுதித் தந்தவ. படிச்ச மதினி ஒராள் இருக்கா எண்டு சொன்னவ."

"ஓம், சொல்லுங்க மிஸ்."

"டீச்சர், பிள்ளைய இன்னும் கண் கிளினிக்குக்குக் கொண்டு வரவேயில்லை. இருபத்தெட்டாம் நாள் நாங்க இஞ்ச பார்த்தது, கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் ஓரம் வரைக்கும் வளரேல்ல. ரெண்டு கிழமையில, நாப்பத்திரண்டாம் நாள் கட்டாயம் கொண்டு வரச் சொல்லி அட்டையில எழுதிக் குடுத்தனான். வரேல்ல. தகப்பனுக்கு ரெண்டு தரம் எடுத்தன், நாற்பது முடியட்டும் மிஸ் எண்டுறார்."

"என்ன நாற்பது? புள்ள பிறந்து ஐம்பத்தெட்டு நாள்."

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல. எங்கட ஆக்கள் முப்பத்தொண்டு எண்டு வீட்டுக்குள்ள வச்சிருப்பாங்க, அதுக்கே நான் பாண்டிருப்பில வீடு வீடாப் போய்ச் சண்டை பிடிச்சிருக்கன். நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னாக் கேட்பாங்க எண்டுதான் எடுத்தன். இண்டைக்கே கொண்டு வாங்கோ டீச்சர்."

முச்சக்கர வண்டியில் போகும்போது ஸகியாவுக்கு அந்த மஞ்சள் நிறம் கண்ணுக்குள்ளேயே நின்றது. வண்டிக்காரன் ஏதோ கேட்டான். அவளுக்கு விளங்கவில்லை. பயந்தாள், வெறுமனே பயந்தாள்.

வீட்டில் ஹாஜியார் இருந்தார். அவளைக் கண்டதும் எழும்பிப் போகப் பார்த்தார்.

"போகாதீங்க ஹாஜியார். என்ன நாற்பது இது? ஆருட நாற்பது?"

"வீட்டு நாற்பது," என்றார், வாசல் நிலையைப் பார்த்து. "புள்ள வீட்டுக்கு வந்து இண்டைக்கு இருவத்திநாலு நாள். ஆஸ்பத்திரியில கிடந்த நாள் கணக்குல சேராது. வீட்டுக்கு வந்ததுல இருந்துதான் நாற்பது. அது முடியாம பச்சப் புள்ளைய வாசப்படி தாண்ட விடுறதில்ல. காத்துக் கறுப்பு படும்."

"ஆரு சொன்ன? மௌலவி சொன்னாரா?"

"மௌலவிக்கிட்ட இதெல்லாம் போய்க் கேட்கிறதா? வழமதானே."

எந்தக் கிதாபிலும் இல்லாத கணக்கு. நாற்பது என்பது பிரசவித்த தாய் தொழாமல் இருப்பதற்கு உள்ள தவணை. பிள்ளையைப் பூட்டி வைப்பதற்கு அல்ல. அதிலும் அந்த நாற்பது பிள்ளை பிறந்ததிலிருந்து ஓடுவது. நேரே எண்ணியிருந்தால் நாற்பதாம் நாள் அது முடிந்து, நாற்பத்திரண்டாம் நாள் தாராளமாய்க் கிளினிக்குக்குப் போயிருக்கலாம். தங்களுடைய வழமையையே சரியாக எண்ணத் தெரியாத இந்த மனிதர்களை என்னவென்று சொல்வது என்று ஸகியாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மடையன் என்ற சொல்லும் அதன் பின்னாலேயே வந்தது. அப்போது கட்டிலில் கிடந்த பிள்ளை முழித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியது. திருப்பிய முகம் வெளிச்சத்தில் நிற்காமல் அதைத் தாண்டிப் போயிற்று.

"ஹாஜியார்," என்றாள். "குறைமாசப் புள்ளைட கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் பிழையா வளரும். நேரத்துக்குப் பார்த்தா நிப்பாட்டலாம். பார்க்காட்டிக் கண் போயிடும். கண் போயிடும் ஹாஜியார்."

அவ்வளவுதான். நாலு வசனம், ஒரு புரதத்தின் பெயர்கூட இல்லை. ஹாஜியார் சட்டைப் பைக்குள் கையை விட்டு வான் திறப்புக் கொத்தை எடுத்தார்.

"தங்கச்சி, புள்ளையத் தூக்கு. இம்தாத், தண்ணிப் போத்தல எடு."

வழமையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. காற்றாவது கறுப்பாவது. சாம்பிராணிச் சட்டியைக் காலால் தள்ளிவிட்டு நடந்தார்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொண்டிருக்க முடியாது, உடனே மலைநாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஹாஜியாரே வானை ஓட்டினார். மஹியங்கனை வளைவுகளில் இம்தாத் வாந்தி எடுத்தான். ஜெனூபா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஸகியாவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை இரண்டு கண்ணுக்கும் வைத்தியம் நடந்தது. பின்னேரம் டாக்டர், வயதான சிங்கள மனிதர், நல்ல தமிழில் நிதானமாகச் சொன்னார். வலது கண்ணைப் பிடித்து நிறுத்திவிட்டோம், கண்ணாடி போட்டால் படிக்கலாம், எழுதலாம். இடது கண்ணில் விழித்திரை முழுதாய்க் கழன்றுவிட்டது. அதில் இனி வெளிச்சம் எது, இருட்டு எது என்பதற்கு மேலே ஒன்றும் தெரியாது.

ஜெனூபா அழவில்லை. பிள்ளையின் இடது கண்ணிமையை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஸகியா டாக்டரின் பின்னால் நடையில் ஓடிப் போனாள். அவளுக்கு இன்னும் ஒரு ஆசை மிச்சம் இருந்தது. வெட்கம் கெட்ட ஆசை. "டாக்டர், வீட்டில ஒட்சிசன் மெசின் ஒண்டு வச்சிருந்தாங்க. போடுறதும் நிப்பாட்டுறதும். அதனாலயா இப்பிடி ஆன?"

"எத்தனை நாள்?"

"ரெண்டு மூணு நாள்."

டாக்டர் யோசித்தார். "வைத்தது சரி இல்லை. ஆனால் அதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் இல்லை. முதல் கிழமை கொடுத்த ஒட்சிசன் இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை. அதற்கு அப்புறம் இப்படி வரும் என்று தெரிந்துதானே திகதி போட்டுக் கொடுக்கிறோம். அந்தத் திகதிக்கு வந்திருந்தால் அரை மணித்தியால வேலை, இரண்டு கண்ணும் இருந்திருக்கும்." பிறகு கேட்டார்: "வீட்டில் அந்த அட்டையை யாரும் வாசிக்கவில்லையா?"

அவர் போய்விட்டார். ஸகியா அங்கேயே நின்றாள். நாலரை வருடம் கலங்களோடு பேசிப் பழகினவள், மெசினைத் துரத்துவதற்கு அத்தனை வாய் பேசினவள், பேசவேண்டியதற்கு ஒரு வாய் பேசவில்லை. தனக்குத் தெரிந்த சண்டையைப் பிடித்தாள், வென்றாள், சோறும் தின்றாள். ஊரை இகழ்ந்து இகழ்ந்து கடைந்தெடுத்து வைத்திருந்த அந்தச் சொல், மடைச்சி என்று பெண்பாலில் திரும்பி வந்து அவள் மேல் உட்கார்ந்தது.

ஹாஜியார் வாங்கில் இருந்தார். ஒரே இரவில் மனிதர் சுருங்கிப்போயிருந்தார். அவள் வருவதைக் கண்டு சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"டீச்சர், நான் மடையன்தான். இல்லண்டு சொல்லல்ல. புள்ளைட கண்ணத் திண்டவன் நான்தான்." முழங்காலைத் தடவினார். "ஆனா அண்டைக்கு நீங்க என்ன மடையன் எண்டு சொன்னீங்க. கண் போகும் எண்டு சொல்லல்ல. சொல்லியிருந்தா, என்ன மடையன் எண்டாலும் வான எடுத்திருப்பன் டீச்சர்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நேற்று வான் திறப்பை எடுத்த கையை அவள் கண்ணால் கண்டவள். ஒரு கணம்கூட அவர் சுணங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, பிள்ளையை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது ஜெனூபா அவளுக்குப் பக்கத்தில் வந்தாள். கையில் அதே மஞ்சள் அட்டை. தாதி புதிய திகதி எழுதிக் கொடுத்திருந்தாள்.

"மதினி, இதக் கொஞ்சம் வாசிங்களேன். சத்தமா."

இந்த முறை ஸகியா இரண்டு கையாலும் வாங்கினாள். கீழ்ப்பாதியில் ஆங்கிலத்தில் நோயின் பெயர், மருந்தின் பெயர், இன்றைய குறிப்பு. அடுத்த திகதி, ஏழு நாளில். அதற்கு மேலே, பழைய குறிப்பு அப்படியே இருந்தது. நாற்பத்திரண்டாம் நாளின் திகதி. அதன் கீழே கஜேந்தினியின் வட்ட வட்டமான கையெழுத்தில், சுத்தமான தமிழில், இரண்டு கோடு போட்டு: 'கண் பரிசோதனை. தவறினால் பார்வை போகலாம். கட்டாயம் வரவும்.'

தமிழில் இருந்தது. உயர்தரம் வரைக்கும் படித்த ஜெனூபாவுக்கு இதை வாசிக்க எந்த மதினியும் தேவையில்லை. அவள் முதல் நாளே வாசித்திருந்தாள். சொல்லியும் பார்த்திருப்பாள், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி பயத்தில் உளறுகிறாள் என்று அதை ஒதுக்கியிருப்பார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது, இந்த மூன்று வரியையும் காக்காவின் காது கேட்க உரத்து வாசிக்கிற, காக்கா மறுக்க முடியாத ஒரு படித்த வாய்.

"வாசிங்க மதினி," என்றாள் ஜெனூபா. ஹாஜியாரும் இம்தாதும் வானுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸகியா மேலிருந்து கீழ் வரைக்கும், பழைய திகதியையும் விடாமல், உரத்து வாசித்தாள்.